நல்ல துறைமுகம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஐரோப்பாவில் கோடை பிறந்தால் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிரேக்கத் தீவுகளுக்கு ஓய்வெடுக்கப் போகிறார்கள். அவற்றுள் பெரியது கிரேத்து. அங்கே கடற்கரையில் படுத்திருப்பவர்கள் அணிந்திருக்கும் பனியன்களில் சில நம் திருப்பூரில் தைத்தவையாகவும் இருக்கலாம். தைத்தவர்கள் அந்தத் தீவைப் பார்த்ததில்லை. பெயரை மட்டும் நாம் திருப்பலி வாசகங்களில் கேட்டிருக்கிறோம். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில், உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்படும் பவுல் அங்கே வந்து சேர்கிறார்.

அவர் ஏறியிருந்தது கோதுமை கொண்டுபோன சரக்குக் கப்பல். எதிர்க்காற்றில் பல நாள் திண்டாடி, தீவின் தென்கரையில் 'நல்ல துறைமுகம்' என்னும் இடத்தை அடைந்தது. அந்தச் சிற்றூர் கிரேக்க மொழியில் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. கடல் கெடும் பருவம் அது. இனிப் பயணம் வேண்டாம், சரக்கு மட்டுமல்ல, உயிரும் போகும் என்று பவுல் எச்சரித்தார். கைதியின் பேச்சு யாருக்கு வேண்டும்? நூற்றுவர் தலைவர் கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும்தான் நம்பினார். குளிர்காலத்தைக் கழிக்க இந்த இடம் வசதிப்படாது, இதே தீவில் பெனிக்சு என்று வேறொரு துறைமுகம் இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றார்கள் பெரும்பாலோர். தென்றலும் மெல்ல வீசியது. கிளம்பிவிட்டார்கள். சற்று நேரத்தில் புயல். பதினான்கு இரவுகள் அலைக்கழிந்து, கோதுமையைக் கடலில் கொட்டி, கப்பலையும் இழந்து, 276 பேர் மால்தாவில் கரையேறினார்கள். அவர்கள் தேடிப்போன பெனிக்சை ஒருவரும் பார்க்கவில்லை.

சரக்கு, தேதி, உரிமையாளர். இவை நமக்குப் பழகிய சொற்கள்தாம். தூத்துக்குடியில் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டால் நம் ஊரில் ஞாயிறு ஏது, பூசை ஏது?

ஒரு பொங்கல் விடுமுறையில், பாத்திரப் பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் ஓய்ந்திருந்த நாள்களில், அனுப்பர்பாளையத்திலிருந்து அன்பியத்தார் இரண்டு வேன்களில் இராமேசுவரம் தீவுக்குப் போனோம். விடியும் நேரத்தில் பாம்பன் பாலம். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் வரும்வரை தீவுக்குள் போக இரயிலோ படகோதான். எல்லாரும் சன்னலில் தலையை நீட்டிக் கடலைப் பார்த்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வேனுக்குள் பேச்சே இல்லை.

தங்கச்சிமடத்தில் கடலோரமாக ஒரு விடுதி. பையை இறக்குமுன்பே குறை தொடங்கியது. குழாயில் உப்புத் தண்ணீர், மின்விசிறி சுற்றவில்லை. நான்கைந்து பேர் கைப்பேசியில் வேறு விடுதி தேடினார்கள். இருவருக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது: திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவீர்களா? போதாக்குறைக்கு, இரண்டு நாளில் பதினோர் இடங்கள் என்று பட்டியல் வேறு. அதைப் போட்டது யார்? வேறு யாருமில்லை, நாமேதான். ஓய்வுக்கும் இத்தனை பீஸ் என்று கணக்கு வைத்துவிட்டோம்!

அன்று மாலை, ஓவர்லாக் மிசினில் பல ஆண்டு உழைத்த ஓர் அக்கா தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, கடல் பிடிச்சிருக்கா?" என்று கேட்டோம். "சாமி, கண்ண மூடுனா இன்னும் மிசினு ஓடறாப்புலயே இருக்குதுங்க. நான் இன்னும் வந்து சேரலீங்க" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு பட்டியலை எடுத்துப் பார்க்க நமக்கே கூச்சமாயிருந்தது. இணைச்சட்டம் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரவில்லை. வேலையாள், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியர் என்று எண்ணி எண்ணிச் சொல்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருக்களில் பத்துக்குப் பத்து அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. எங்களுக்காக அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிய விடுதி அம்மாவும் உண்டு. அவருக்கு அன்று ஞாயிறு இல்லை. அதற்குக் காரணம் நாங்கள். ஆள் வைத்து வேலை வாங்கும் சகோதரர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த ஞாயிறு ஷிப்ட் போடுமுன் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மறுநாள் பட்டியலில் எட்டு இடங்களை அடித்துவிட்டோம். விடுதியையும் மாற்றவில்லை. தனுஷ்கோடிக்குப் போய், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த ஆலயச் சுவர்களுக்கு முன் செபமாலை சொல்வது என்று முடிவானது. வேனில் ஆள் எண்ணியபோது ஒருவர் குறைந்தார். போய்ப் பார்த்தால், அந்த அக்கா திண்ணையில் பாய் விரித்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் காலடிவரை வந்திருந்தது. "எழுப்பட்டுங்களா சாமி?" என்றான் ஒரு தம்பி.

வேண்டாமென்று சொல்லி வேனை எடுக்கச் சொன்னோம்.