பழைய தையல் மெஷினும் எட்டாம் வகுப்பும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒருவர் தம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவு செய்து, போன மாதம் மாடித்தோட்டம் பற்றிக் கேட்டோம். இந்த மாதம் என் முறை. வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள்களைப் பிரித்துச் சரிசெய்வது என் வழக்கம். மிக்ஸி, சீலிங் ஃபேன், ஆடும் நாற்காலி என்று பலவும் உண்டு. எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் மிதி தையல் மெஷினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் தலைப்பகுதியை இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருக்கும். தூக்கி வந்து உதவிய உடற்கல்வி ஆசிரியருக்கு நன்றி.

இது என் பாட்டி இரண்டாம் கையாக வாங்கிய சிங்கர் மெஷின். அடித்தட்டின் ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எண்களும் பொறித்திருக்கின்றன, பார்க்கலாம். அந்த எழுத்தை வைத்து எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று அறியலாம். இது ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் செய்தது. 1885-இல் திறந்து 1980-இல் மூடிய தொழிற்சாலை அது. தொழிற்சாலை போய்விட்டாலும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘சிங்கர்’ என்றுதான் பெயர். அங்கிருந்து கப்பலேறி வந்த இரும்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் ரவிக்கை தைத்தது.

இயந்திரங்களைக் கடுமையாகக் குறை சொன்ன காந்தியடிகள்கூடத் தையல் மெஷினை விதிவிலக்காகக் குறிப்பிட்டதுண்டு. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் காணச் சகியாமல் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்று அவர் நினைத்திருந்தார். உண்மை அவ்வளவு இனிமையானது அன்று. எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். சிங்கர் பெற்றது 1851-இல். பிறகு வழக்கு நடந்து, சிங்கர் ஹோவுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டியதாயிற்று. கண்டுபிடிப்பு என்றாலே ஒரு மனிதர், ஒரு நாள், ஒரு பெயர் என்று நாம் வகுப்பில் சொல்கிறோமே, அப்போது இந்த வழக்கையும் சொல்லலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். பரணிலிருந்து இறக்கியபோது கைச்சக்கரம் இம்மியும் அசையவில்லை. துரு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் துரு அல்ல, காய்ந்த எண்ணெய். நம் வீடுகளில் மெஷின் கிறீச்சிட்டால் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை ஊற்றும் பழக்கம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நாளாக ஆகக் காற்றுப்பட்டுப் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். உராய்வைக் குறைக்க ஊற்றியதே கடைசியில் பூட்டாகிவிடுகிறது.

எட்டாம் வகுப்பில் உராய்வும் பாகுநிலையும் நடத்துகிறோம். தேனையும் தண்ணீரையும் சாய்த்துக் காட்டுகிறோம். அது நல்ல சோதனைதான். ஆனால் பாகுநிலை அதிகமானால் ஓர் இயந்திரமே நின்றுபோகும் என்பதைப் பிள்ளைகள் கையால் உணர்வது வேறு.

சரிசெய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மெஷினின் மேல் எண்ணெய் விடும் சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். அடுப்புப் பக்கமே போகக் கூடாது, திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஓரிரவு விட்டால் நுண்புழை ஏற்றத்தால் அது தானாகவே இடுக்குகளுக்குள் போய்ப் பிசினைக் கரைக்கும். கைச்சக்கரத்தைப் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. சுத்தியலை எடுக்கவே கூடாது, வார்ப்பிரும்பு வளையாது, உடையும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மாலை சக்கரம் அரை அங்குலம் நகர்ந்தது. அந்த அரை அங்குலத்தின் மகிழ்ச்சியைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பிறகு ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றினேன். துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையே பஞ்சும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அட்டைபோல இறுகிக் கிடந்தன. தென்னை ஈர்க்குச்சியின் நுனியால் அதைப் பெயர்த்தெடுத்தேன். அதில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. எந்தத் தீபாவளிப் பாவாடையுடையதோ. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கறுப்பு உடம்பின்மேல் உள்ள தங்கநிறப் பூவேலையைப் பாருங்கள். பழைய மெஷின்களில் இதன்மேல் பூசியிருப்பது பெரும்பாலும் அரக்கு மெருகு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பளபளப்பாகட்டும் என்று ஸ்பிரிட்டால் துடைத்தால் பூவும் சேர்ந்து போய்விடும். அதே ஸ்பிரிட்டில் அரக்குச் செதில்களைக் கரைத்துத்தான் மேசைப் பலகைக்கு மெருகு போட்டேன். உப்புத்தாளால் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்த்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை கொடுக்க வேண்டும். தச்சர்கள் அதைத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். ஒரு பொருள் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சு.

ஊசி, தோல் பெல்ட், பாபின் சுற்றும் இடத்து ரப்பர் வளையம், மெஷின் எண்ணெய், எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

ஓடத் தொடங்கியதும் இதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். மிதிபலகை மேலும் கீழும் ஆடுகிறது, சக்கரம் வட்டமாகச் சுற்றுகிறது, நடுவில் ஒரு தண்டு. பெரிய சக்கரத்தின் விட்டத்தைப் பிள்ளைகள் அளந்தார்கள், 31 செ.மீ. கைச்சக்கரத்தில் பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டம் 7 செ.மீ. அப்படியானால் ஒரு மிதிக்குக் கைச்சக்கரம் ஏறத்தாழ 4.4 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு தையல். ஒரு தையலின் நீளம் 2.5 மி.மீ. என்றால் ஒரு மிதிக்கு 11 மி.மீ. ஒரு மீட்டர் தைக்க 91 மிதி. விகிதம் என்ற பாடத்தை அன்று யாரும் ‘எதுக்கு டீச்சர் இது’ என்று கேட்கவில்லை. ஒரு பையன் பாவாடையின் விளிம்பைத் தைக்க எத்தனை மிதி என்று தானாகவே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தான்.

தையல் எப்படி விழுகிறது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. கையூசிக்குக் கண் மேலே இருக்கும். மெஷின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கும். ஊசி துணிக்குள் முழுதும் இறங்கிச் சற்றே மேலே ஏறத் தொடங்கும்போது நூல் தளர்ந்து ஒரு சிறு வளையம் உண்டாகிறது. அந்தக் கணத்தில் கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றி எடுத்துப்போய் விடுகிறது. மேலே உள்ள நெம்புகோல் மிச்ச நூலை இழுத்து இறுக்குகிறது. இதை மெதுவாகக் கையால் சுற்றிக் காட்டினேன். நாற்பது பிள்ளைகளும் ஐந்தைந்து பேராக வந்து பார்த்தார்கள். ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூலை அந்தப் பக்கத்திலிருந்துதான் கோக்க வேண்டும். ‘மெஷின் ரிப்பேர்’ என்று கடைக்குப் போகும் பல மெஷின்களில் ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பதே கோளாறு.

இனிச் சொல்லப்போவதுதான் இங்கே பேச நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம்.

தண்டும் சக்கரத்தின் அச்சும் நேர்கோட்டில் வந்து நின்றால், எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் புறப்படாது. அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். “கைவீலை நம்ம பக்கமாத் தட்டிவிடணும் டீச்சர். எதிர்ப்பக்கம் போனா நூல் சிக்கி அறுந்துடும்” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கொக்கி வளையத்தைப் பிடிக்காமல் போய்விடும் என்பதைத் தன் விரல்களால் காட்டினாள். அவள் அம்மா வீட்டில் ரவிக்கை தைப்பவர். அந்த விளக்கத்தை என்னைவிட அவள் நன்றாகச் சொன்னாள்.

மாலையில் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். நல்ல எண்ணத்தோடுதான் ஒருவர் சொன்னார்: “அப்போ அந்தப் பொண்ணுக்குப் படிப்பு வரலைன்னா கவலை இல்லை, தையல்ல விட்டுடலாம்.”

எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. அவள் அன்று காட்டியது தையல் அன்று, இயந்திரவியல். அதே விளக்கத்தை ஒரு பொறியாளரின் பிள்ளை சொல்லியிருந்தால், ‘இவன் இன்ஜினியர் ஆவான்’ என்றிருப்போம். தையல்காரரின் பிள்ளை சொன்னால் தையலுக்கு அனுப்பப் பார்க்கிறோம். பதில் ஒன்றுதான், வீடு வேறு.

நம் மாநிலத்தில் இதைப் பேசும்போது கவனம் வேண்டும். 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் பள்ளி, மிச்ச நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. கைத்தொழிலை ஒரு பிரிவினருடைய பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது எங்கும் நல்லதில் முடியாது. அதனால் பிள்ளைகள் கையில் கருவி கொடுப்பதென்றால் எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுக்க வேண்டும். முதல் மதிப்பெண் எடுப்பவனும் திருகுளி பிடிக்கட்டும். பையன்கள் பாபினில் நூல் சுற்றட்டும், பெண்கள் பெல்ட்டை வெட்டி இணைக்கட்டும். ‘இவனுக்குக் கணக்கு வராது, இவன் பழுது பார்க்கட்டும்’ என்ற பங்கீடு என் வகுப்பில் இல்லை. பழுது பார்ப்பதற்கும் கணக்கு வர வேண்டும், மிதி எண்ணிக்கையைப் பார்த்தோமே.

அந்த மாணவியின் அம்மா அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தார். கோபம் இல்லை, பயம்தான். “மெஷின்லாம் வேணாம் டீச்சர். நான் பட்டது போதும். அவ படிக்கட்டும்” என்றார். அவர் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தே முதுகு போனவர் அவர். நான் என் பக்கத்தை விளக்கினேன். மகள் எழுதிய செயல்திட்ட நோட்டைக் காட்டினேன். அதில் கொக்கியின் இயக்கத்தை நான்கு படங்களாக வரைந்து, பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தாள். அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது படத்தில் கொக்கியின் நுனி இன்னும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்று விரலை வைத்துச் சொன்னார். சரிதான். அதன்பிறகும் அவர் முழுதாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். “பரீட்சைக்கு இது வருமா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். உராய்வு வரும் அம்மா, நெம்புகோல் வரும், விகிதம் வரும் என்றேன்.

உங்கள் பள்ளிகளில் முயல விரும்புவோர் தையல் மெஷினைத்தான் தேட வேண்டும் என்றில்லை. பழைய சைக்கிள் போதும், சுவர்க் கடிகாரம் போதும். மின்சாரத்தில் இயங்கும் எதையும் பிள்ளைகள் பிரிக்க விடாதீர்கள். சீலிங் ஃபேனின் கண்டென்சர் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதிர்ச்சி தரும், அது பெரியவர்களுக்கு உரிய வேலை. திருகாணிகளைக் கழற்றும் வரிசையிலேயே ஒரு பழைய முட்டை அட்டையில் போட்டு வையுங்கள். பிரிக்குமுன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேநீர் இடைவேளையில் மெஷின் இங்கேதான் இருக்கும். கைச்சக்கரத்தை நம் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பாபின் கேஸையும் வெளியே எடுத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகாணியை மட்டும் இந்தத் தட்டின்மேல் வைத்தே திருப்புங்கள். கீழே விழுந்தால் இந்தத் தரையில் கிடைக்காது.