புயலின் வழியும் ஜோசியரும்

(மேனாம்பேடு பொதுக்கூட்டத்தில் பேசியது)



புயலைப்பற்றிப் பேசவேண்டுமென்று இவ்வூர் இளைஞர்கள் கேட்டார்கள். நான் காலேஜ் படிப்பு படித்தவனல்ல. படிப்பகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புயல் கரை கடந்தது எங்கே? 5-ந் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகில். நமக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர்! படத்தில் கோடு வடக்கே போகிறது, நமக்கொன்றுமில்லை என்றிருந்தவன் ஏமாந்தான். கோடென்பது புயலின் மையம் போகும் வழி மாத்திரமே. மழை கோட்டைப் பார்த்துப் பெய்வதில்லை.

சரி, அந்தக் கோட்டைப் போடுவது யார்? பஞ்சாங்கமா? மீனம்பாக்கத்தில் தினம் இருவேளை பலூன் விடுகிறார்கள். செயற்கைக்கோள், ராடார், கப்பல், கடலில் மிதக்கும் கருவி எல்லாம் காற்று, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து அனுப்புகின்றன. ஆகாயத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக் காற்று அடுத்த கட்டத்தை என்ன செய்யுமென்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ரிச்சர்ட்சன் என்ற இங்கிலீஷ்காரர் இதையே கையால் போட்டுப் பார்த்தார், விடை படுதப்பு. அந்தத் தப்பை 1922-ல் தன் புத்தகத்திலேயே அச்சிட்டார். தன் ஜோசியம் பொய்த்ததை அச்சுப்போட்ட ஜோசியரை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

ஐரோப்பியர் கணக்கு, அமெரிக்கர் கணக்கு, நம் நொய்டா கணக்கு என்று பல உண்டு, ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். கடலில் எல்லாவிடத்திலும் அளவுகருவி இல்லை. தொடக்கத்திலுள்ள சிறு பிசகு நாலு நாளில் பெரிதாகிவிடும். ஆகவே ஐரோப்பியர் தொடக்க அளவைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது தடவை போடுகிறார்கள். கோடுகள் நெருங்கி வந்தால் நம்பலாம். விசிறியாக விரிந்தால் பொறுத்துப் பார்க்கவேண்டும். நம் வானிலை இலாகாவும் ஒரு நாள் முன்னே சொல்வதில் சராசரி 75 கிலோமீட்டர், மூன்று நாள் முன்னே 150-க்கு மேல் என்று தன் பிசகைத் தானே அளந்து வெளியிடுகிறது. படத்தில் கோட்டைச் சுற்றி அகன்றுகொண்டே போகும் நிழல் அதுதான்.

ஆனால் ஒன்று. பத்து நாளைக்கப்புறம் புயல் சென்னையைத் தாக்குமென்று ஒரே ஒரு கணக்கின் படத்தைக் கைபேசியில் பரப்புகிறார்களே, அதுவும் குறி கேட்கிற புத்திதான். கோடாங்கிக்குப் பதில் கம்ப்யூட்டர். 2024 நவம்பர் 30 இரவு பெங்கல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! வழி தெரிந்தாலும் எங்கே எவ்வளவு நேரம் நிற்குமென்பது இன்னும் கஷ்டமான கணக்கு.

வருகிற ஐப்பசியில் நம் படிப்பகச் சுவரில் வங்கக்கடல் படம் ஒட்டப்போகிறோம். இலாகா சொன்ன வழியைச் சிவப்பு மையிலும், பரிகாரத்துக்குப் பணம் வாங்குகிற ஜோசியர் சொன்னதைக் கறுப்பு மையிலும் முன்கூட்டியே எழுதிவிடுவோம். புயல் உண்மையில் போன வழியை அப்புறம் போடுவோம். ஜோசியர் "கிழக்கே ஆபத்து" என்றால் போதாது. தேதியும் ஊரும் சொல்லவேண்டும். படத்துக்கும் மைக்குமான செலவு என்னுடையது.