நாற்காலி வரிசை நீளாமல் இருக்க

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் பள்ளிவாசலில் பின்பக்கம் கிடக்கும் நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பு வயது முதிர்ந்தவர்களுக்காக இரண்டு மூன்று கிடந்தன. இன்று ஐம்பத்தைந்து வயதுக்காரர்களும் அவற்றில் அமர்கிறார்கள். இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்று நாற்பதில் இருப்பவர் இருபது ஆண்டுகள் கழித்தும் தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்ய, இப்போதே என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

தரையிலிருந்து எழுவதற்குத் தொடைத் தசை வலுவாக இருக்க வேண்டும். நடுத்தர வயதிலிருந்து தசை மெல்லக் குறைகிறது. வேலை கொடுத்தால் எந்த வயதிலும் அது வலுப்பெறும். உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். காலையும் மாலையும் செய்தால் போதும். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு பைக் எதற்கு?

சாப்பாட்டில் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தட்டில் சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பயறு, கீரையைக் கூட்டுங்கள்.

பிரஷரும் சுகரும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் பலர் பார்க்காமலே விடுகிறார்கள். வருடம் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. சுகர் உள்ளவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எந்த நேரத்தில் எவ்வளவு எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி ஆண்களிடம் ஒரு வார்த்தை. நமக்குப் பள்ளிக்குப் போய்வரும் நடையாவது இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு? அடுப்படியில் நிற்பதே அவர்களுக்கு உடற்பயிற்சி என்று நினைக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. குளியலறையில் ஒரு முறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழ நேரலாம். குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு வையுங்கள். பெரிய செலவில்லை.

நமது மதரஸா வளாகத்தைத் தினமும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்கள் நடப்பதற்காக மட்டும் திறந்துவைக்க நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். குழு இசைந்தால், உங்கள் உம்மாவையும் மனைவியையும் அனுப்பிவையுங்கள். அந்த ஒரு மணி நேரம் தேநீரை நீங்களே போட்டுக் குடிக்கலாம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி, கடைசி வரை பிறர் கையைப் பிடிக்காமல் எழுந்து தொழும் பாக்கியத்தை அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.