ஆம்பளைக்கு வராத நோய்

1994-ஆம் ஆண்டு டில்லி திஹார் சிறையைப் பார்வையிட்ட மருத்துவக் குழு, கைதிகளுக்குள் உறவு நடக்கிறது, எய்ட்ஸ் பரவாமலிருக்க ஆணுறை கொடுங்கள் என்றது. அப்போது டில்லிச் சிறைகளுக்குப் பொறுப்பாக இருந்த கிரண் பேடி மறுத்துவிட்டார். கொடுத்தால் அப்படியொன்று நடப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில் அது குற்றமாயிற்றே!

அதே ஆண்டில் அஞ்சலி கோபாலன் டில்லியில் நாஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். சட்டத்தைவிட வழுக்கலான ஒன்று எய்ட்ஸ் தடுப்புக் களப்பணியின் குறுக்கே நின்றது: ஆண்மை பற்றிய நினைப்பு. பெண்மைச் சாயலுள்ள ஆணைக் 'கோத்தி' என்பார்கள். அவரோடு உறவுகொள்ளும் மீசைக்காரருக்கு வடக்கே 'கிரியா', நம் பக்கம் 'பந்தி' என்று பெயர். கோத்தி கேலிக்குப் பயந்து மருத்துவரிடம் புண்ணை மறைப்பார். கிரியாவோ மருத்துவரிடம் போகவே மாட்டார். அவருக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு; தன் கணக்கில் அவர் முழு ஆம்பளை. அன்றைய எய்ட்ஸ் பிரசாரம் பெரும்பாலும் பாலியல் தொழிலாளிப் பெண்களைக் காட்டியே எச்சரித்தது. அவர்களிடம் போகாத தனக்கு ஏது ஆபத்து என்று அவர் இருந்துவிட்டார்.

2001-இல் நாஸ், 377-ஐ எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றம் போனது. முன்வைத்த முக்கிய வாதமே சுகாதாரம்தான். பிறகு நடந்தது வேடிக்கை. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் சுமார் 25 லட்சம், அவர்களில் எச்.ஐ.வி. தொற்று 8 சதவீதத்துக்கும் மேல், பொதுமக்களிடமோ 1 சதவீதத்துக்கும் கீழ், சட்டத்துக்குப் பயந்து இவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பிரமாணப் பத்திரம் தந்தது. சமூகம் இதை ஏற்காது, சட்டம் இருக்கட்டும் என்றது உள்துறை அமைச்சகம். ஒரே அரசாங்கம்தான்!

2009 ஜூலை 2-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும், சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய எஸ். முரளிதரும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பக்கம் நின்றார்கள். வயது வந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்றார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அதுவே திருத்திக்கொண்டது. நான்கே நாளில் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்குவது இனி தவறு.

கோத்திக்கு இதனால் ஓரளவு துணிச்சல் வந்தது. கிரியாவுக்கு எந்தத் தீர்ப்பும் எட்டவில்லை. தன்னை அவர் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதே இல்லையே. கர்ப்பிணி மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் இப்படிப்பட்ட சில கணவர்களின் தொற்றே தெரியவருகிறது. அதற்குள் மனைவிக்கும் அது வந்திருக்கும்.