எடிட்டர் பெயரையும் அச்சிடுங்கள்



இந்தப் புத்தகக் கண்காட்சி மேடையில் நூல்கள் வெளியிடப்படுகின்றன. எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். பதிப்பாளருக்கு நினைவுப் பரிசு தருகிறோம். அட்டை வரைந்தவருக்கும் கைதட்டுகிறோம். நல்ல காரியம். ஆனால் அந்தக் கைப்பிரதியை முதலில் வரி வரியாகப் படித்தவர் யார்? "ஐந்தாம் அத்தியாயத்தை இன்னும் விரித்து எழுதுங்கள், பன்னிரண்டாவதை எடுத்துவிடுங்கள்" என்று எழுத்தாளரின் முகத்துக்கு நேரே சொன்னவர் யார்? அந்த எடிட்டருக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எடிட்டர் வைத்துக்கொள்வது மேல்நாட்டு வழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நம் புலவர்களும் நூலை எழுதியதும் அவையில் அரங்கேற்றினார்கள். கற்றவர்கள் தடை எழுப்பினார்கள், புலவர் விடை சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் அப்படி அரங்கேறியவை. அவருடைய மாணவர் உ.வே.சா., 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது அச்சில் வந்தது 1887இல். ஏழு ஆண்டுகள்! ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், சமணர் வீடுகளுக்கே போய்ப் பொருள் கேட்டார். அதைப் பாடிய திருத்தக்கதேவரை எழுப்பிக் கேட்க வழியில்லாததால் இத்தனை பாடு. இன்றைய எழுத்தாளர் உயிரோடு நம் முன்னால் இருக்கிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் ஐயத்தைக் கேட்டுவிடலாம். அவருடைய கைப்பிரதியையோ கேள்வியே கேட்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம்!

அமெரிக்காவில் 1957இல் ஒரு இளம்பெண் தன் நாவலை லிப்பின்காட் என்ற பதிப்பகத்துக்குக் கொடுத்தார். அங்கே எடிட்டராக இருந்தவர் டே ஹோஹாஃப் என்ற அம்மையார். முழுமையான நாவலாக அது திரளவில்லை, தனித்தனிச் சம்பவங்களின் கோவையாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் திருப்பி அனுப்பவில்லை. வளர்ந்த பெண்ணொருத்தி ஊர் திரும்பும் அந்தக் கதையில், அவளுடைய சிறுவயது நினைவுகள் வரும் பக்கங்களில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அந்தச் சிறுமியின் கண்ணாலேயே முழுக் கதையையும் எழுதச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதினார் ஹார்ப்பர் லீ. 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு. முதலில் கொடுத்த கைப்பிரதி 2015இல் தனி நாவலாக அச்சேறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஹோஹாஃப் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் இல்லாமல் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது.

சென்னையில் க்ரியா ராமகிருஷ்ணன் இருந்தார். 1974இல் பதிப்பகம் தொடங்கியவர், 2020 நவம்பரில் மறையும்வரை எழுத்தாளர்களோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பேசியவர். இந்தச் சொல் ஏன், இந்த வாக்கியம் இங்கே ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தது அந்தப் பதிப்பகத்திலிருந்துதான். 1992இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதியை அத்தோடு விட்டுவிடவில்லை. 2008இல் திருத்தி விரித்தார், 2020இல் மறுபடியும் விரித்தார். ஒரு பதிப்பகம் ஆண்டுக்கு எத்தனை தலைப்பு போடுகிறது என்று எண்ணுகிற நாட்டில், ஒரு தலைப்புக்கு எத்தனை ஆண்டு கொடுக்கலாம் என்று யோசித்த மனிதர் அவர். அந்தப் பொறுமை அவரோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எடிட்டர் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எழுத்துப்பிழை பார்ப்பது கடைசி வேலை. முதல் வேலை, நூலின் உடலைப் பார்ப்பது: எங்கே தொடங்க வேண்டும், யார் சொல்ல வேண்டும், எது மிகை, எது குறை. அடுத்தது செம்மையாக்கம். 1970இல் பிறந்ததாக மூன்றாம் அத்தியாயத்தில் வந்த நாயகி, பத்தாம் அத்தியாயத்தில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொடி பிடித்து நிற்பாள். அமாவாசை என்று தொடங்கிய இரவில் முற்றமெல்லாம் நிலா காயும். அத்தையாக வந்தவர் சித்தியாகப் போவார். கதையில் மூழ்கியிருக்கும் எழுத்தாளரின் கண்ணுக்கு இவை தப்பிவிடும், எடிட்டரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது. அதற்கும் பிறகுதான் மெய்ப்பு. 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கிறதா, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைந்தனவா, ஒற்று மிகுந்ததா என்று பார்ப்பது. மூன்றும் மூன்று விதமான கவனம் கேட்கிற வேலைகள். மூன்றையும் ஒரே ஆளிடம், பக்கத்துக்கு இவ்வளவு என்று அற்பக் கூலி பேசி, கண்காட்சி நெருங்குகிறது என்று ஒரே மூச்சில் முடிக்கச் சொல்வது அநியாயம்!

எடிட்டருக்கும் எல்லை வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சிறுகதைகளை அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்குப் பாதி வெட்டினார். வேண்டாம், நிறுத்துங்கள் என்று கார்வர் கடிதத்தில் மன்றாடியும் 1981இல் அப்படியேதான் புத்தகம் வந்தது. எடிட்டர் சொல்லலாம், வாதாடலாம். முடிவு எழுத்தாளருடையது.

பதிப்பாளர்களே, காகிதத்துக்கும் அட்டைக்கும் அச்சுக்கும் கணக்குப் போடுகிற அதே தாளில், செம்மையாக்கத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். உரிமைப் பக்கத்தில் அட்டை வடிவமைப்பாளர் பெயருக்குப் பக்கத்திலேயே எடிட்டர் பெயரையும் போடுங்கள். எழுத்தாளர்களே, பதிப்பகத்துக்குப் போகும்போது ராயல்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், என் கைப்பிரதியை யார் படிப்பார் என்று கேளுங்கள். வாசகர்களே, இங்கிருந்து அரங்குகளுக்குப் போனதும் கையில் எடுக்கும் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எடிட்டர் பெயர் இல்லையென்றால், இதைச் செம்மைப்படுத்தியவர் யார் என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அந்தக் கேள்வி பதிப்பாளரின் காதுக்குப் போய்ச் சேரும்.