மூடிய பெட்டிக்கு விலை பேசுவீர்களா?

செல்போன் விளையாட்டு ஹலாலா, ஹராமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பந்தடிப்பது திரைக்குள் நடப்பதால் மட்டும் ஹராமாகி விடாது. தொழுகையை மறக்கடித்தால் கேரம் போர்டும் கேடுதான். நான் பேச வந்தது காசைப் பற்றி.

ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில் சீன நிறுவனம் ஒன்று 2020-ல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டைப் பாருங்கள். விளையாட இலவசம்! ஆனால் அபூர்வமான வீரன் வேண்டுமென்றால் குலுக்கலில் இறங்க வேண்டும். ஒரு குலுக்கலில் உயர்ந்த ரகம் விழும் வாய்ப்பு 1000-க்கு 6. கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. 90 தடவைக்குள் ஒன்று நிச்சயம் என்கிறார்கள். அதுவும் பையன் ஆசைப்பட்டதாகவே இருக்கும் என்பதில்லை. அதுவரை கரைவது யார் காசு? வாப்பாவின் கல்லாக் காசு!

வியாபாரிகளே! மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் விலை பேசுவீர்களா? உள்ளே என்னவென்று தெரியாத வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துக் கண்டிக்கிறது அல்மாயிதா 90-வது வசனம்.

பெல்ஜியம் 2018-ல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அது ஒன்றும் முஸ்லிம் நாடல்ல! காசு கட்டிக் காசு ஜெயிக்கும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் நம் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது, வரவேற்கிறோம். பொம்மை மட்டும் விழும் பெட்டிகளையும் அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே பிள்ளையின் செல்போனில் பணம் போன கணக்கைப் பாருங்கள். அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அந்த 1000-க்கு 6 கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.