முகவரி உள்ள அலை

திண்டிவனத்திலிருந்து நெடுஞ்சாலையில் விழுப்புரம் போனால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரும். பண்டிகை நாள் வரிசையை விடுங்கள், உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லையைப் பார்ப்போம். அதில் பேட்டரி கிடையாது. தலைக்கு மேலே உள்ள ஆன்டெனா 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதையே கூட்டிக் குறைத்துத் திருப்பி அனுப்பி, வில்லைக்குள் இருக்கும் சில்லு தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. கணக்கில் பணம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது வங்கிக் கணினியின் பாடு.

அலையை அனுப்பவும் வாங்கவும் இதைவிட எளிய ஜோடி ஒன்றை வீட்டு மேசையிலேயே செய்யலாம். இன்ஜினியரிங் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்குகிற 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் போதும். வீட்டுக்குள் பயன்படும் குறைந்த திறன் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் உரிமம் வேண்டாம். அனுப்பும் பலகையில் அலை இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஆன்டெனாவுக்கு 17 சென்டிமீட்டர் கம்பி. அலைநீளமான 69 சென்டிமீட்டரில் அது கால் பங்கு. நேராக நிற்கட்டும், சுருட்டாதீர்கள்.

வாங்கும் பலகைதான் வில்லங்கமானது. அலை வராதபோதும் அது சும்மா இருக்காது. தன் உணர்திறனை ஏற்றிக்கொண்டே போய், காற்றிலுள்ள இரைச்சலையெல்லாம் 1, 0 என்று கொட்டும். அதில் நேராக ரிலேயை மாட்டினால் விளக்கு பேய் பிடித்தாற்போல ஆடும்!

அதனால்தான் அனுப்பும் பக்கம் எச்டி12இ, வாங்கும் பக்கம் எச்டி12டி என்ற ஐசிகளைச் சேர்க்கிறோம். 8 பிட் முகவரி, 4 பிட் செய்தி. முகவரிக்கு எட்டுக் குட்டி சுவிட்சுகள், மொத்தம் 256 வகை. பட்டனை அழுத்தினால் பன்னிரண்டு பிட்டும் நான்கு தடவை போகும். மறுபக்கம் அடுத்தடுத்து மூன்று தடவை சரிபார்த்து, முகவரியும் பொருந்தினால்தான் 17ஆம் கால் உயர்ந்து எல்இடி எரியும். எரியவில்லையா? முதலில் சுவிட்சுகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். அடுத்தது ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் அனுப்பும் ஐசிக்கு 1 மெகாஓம், வாங்கும் ஐசிக்கு 51 கிலோஓம் என்பது பலரும் போடுகிற ஜோடி. இது மாறினால் இரண்டின் வேகமும் ஒத்துப்போகாது.

படுக்கையில் இருக்கும் பெரியவர் அடுத்த அறையில் உள்ளவரைக் கூப்பிட இது தாராளம். கதவுப் பூட்டுக்கு மட்டும் வேண்டாம். இப்போதைய கார் ரிமோட்டுகளில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும், இதில் மாறாது. யாராவது ஒருமுறை பதிவுசெய்து திரும்ப அனுப்பினாலே கதவு திறந்துவிடும்.